எண்ணிம ஒலிப்பதிவுக்கான மடிக்கணினிச் செயலி

டிஜிட்டல் எனப்படும் எண்ணிம முறையில் பேச்சு, பாட்டு, இசை ஆகியவற்றைப் பதிவு செய்ய மடிக்கணினி இன்று பரவலாகப் பயன்படுகிறது. அத்தகைய மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழும் கேள்வி, அதில் எந்தச் செயலி இருக்க வேண்டும் என்பதாகும். கைப்பேசியில் நிறுவப்படும் ஆப்களையும் தமிழில் செயலி என்று அழைப்பதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல், பேச்சுவழக்கில் பிராசசர் எனப்படும் கணினியின் மையச் செயலகத்தை மட்டுமே குறிக்கிறது.

ஒலிப்பதிவு என்றாலே விலை மிகுந்த செயலி தேவை என்ற கருத்து உள்ளது. ஒலியைப் பதிவு செய்வதும், பதிவான ஒலியைப் பின்னர் கலந்து மெருகேற்றுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதைப் பிரித்துப் பார்க்காததே இதற்குக் காரணம். முதல் வேலைக்குச் செயலியின் வேகம் சிறிதளவே தேவை. ஆனால் அந்த வேகம் ஒரு கணமும் தடைபடாமல் கிடைக்க வேண்டும். இரண்டாம் வேலைக்குத்தான் மிகுந்த வேகம் பயன்படும்.

களப்பதிவின் சூழல்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. இம்மலை சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். பெயர் அவ்வாறு இருந்தாலும் இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு.

மாவட்டத்தின் சமவெளிப் பகுதியில் தெருக்கூத்து வழக்கில் உள்ளது. உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழா நாடறிந்தது. பாரதக் கதையின் அரவானே அங்குக் கூத்தாண்டவராக வழிபடப்படுகிறார்.

இத்தகைய பகுதியில் நடைபெறக்கூடிய ஒலிப்பதிவுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, மலையூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முதியவர் ஒருவர் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, வேலைப்பாட்டு போன்றவற்றைப் பதிவு செய்தல். மற்றொன்று, இரவில் தொடங்கி விடியும் வரை நடக்கும் கூத்தைப் பதிவு செய்தல். இரண்டையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பதுபோல மீண்டும் மீண்டும் எடுக்க முடியாது. எண்பது வயதுப் பாட்டி ஒரு முறை பாடிய ஒப்பாரியை, கணினி நடுவில் திக்கியது என்பதற்காக மறுபடி பாடச் சொல்ல இயலாது. அடுத்த முறை செல்லும்போது அவர் இல்லாமலும் போகலாம். எனவே களப்பதிவில் செயலியின் முதல் தகுதி வேகமன்று, நம்பகத்தன்மையே.

பதிவின்போது செயலி செய்யும் வேலை

ஒலிவாங்கியில் பிடிக்கப்படும் ஒலி மின்னலையாக மாறுகிறது. யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் ஒலி இடைமுகக் கருவி அந்த மின்னலையை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. இவ்வாறு எடுக்கப்படும் ஒவ்வோர் அளவும் மாதிரி எனப்படும். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 48,000 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை நுணுக்கமாக எழுதுவது என்பதை 16 பிட், 24 பிட் என்பன குறிக்கின்றன. இந்த அளவிடும் வேலையை இடைமுகக் கருவியே செய்துவிடுகிறது. வந்து சேரும் எண்களை வாங்கி வட்டில் எழுதி வைப்பதே செயலியின் பங்கு.

அந்த எண்களின் அளவைக் கணக்கிட்டால் வேலையின் சுமை விளங்கும். 24 பிட் என்பது 3 பைட்.

- 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 2 தடங்கள்: வினாடிக்கு 2,88,000 பைட். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1.04 கிகாபைட்.
- அதே தரத்தில் 8 தடங்கள்: ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 4.15 கிகாபைட்.
- 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 2 தடங்கள்: ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2.07 கிகாபைட்.

8 தடங்களில் பதிவு செய்தாலும் வினாடிக்கு 1.15 மெகாபைட்தான் எழுத வேண்டியுள்ளது. பழைய வன்தட்டுகூட வினாடிக்குப் பல பத்து மெகாபைட் எழுதக்கூடியது. ஆகவே பதிவு மட்டும் செய்யும்போது இன்றைய எந்தச் செயலிக்கும் இது பெரிய சுமையன்று.

குடமும் குழாயும்: பஃபரின் பயன்

அப்படியானால் சில கணினிகளில் பதிவின் நடுவே டிக் டிக் என்ற ஒலியும் இடைவெளியும் ஏன் விழுகின்றன என்ற ஐயம் எழும். மாதிரிகள் ஒவ்வொன்றாகச் செயலிக்குச் செல்வதில்லை. அவை பஃபர் எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் சேர்ந்து, தொகுதி தொகுதியாகவே எடுக்கப்படுகின்றன.

இதைத் தெருக்குழாயுடன் ஒப்பிடலாம். குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. ஒரு குடம் நிறைவதற்குள் அடுத்த குடத்தை வைத்துவிட வேண்டும். தவறினால் அந்த நேரத்துத் தண்ணீர் தரையில் போய்விடும். பெரிய குடமாக இருந்தால் வேறு வேலையைப் பார்த்துவிட்டு வர நேரம் கிடைக்கும். சின்னச் செம்பாக இருந்தால் கண்ணை அப்பால் திருப்ப முடியாது. பஃபரின் அளவே குடத்தின் அளவு.

48 கிலோஹெர்ட்ஸில் வெவ்வேறு பஃபர் அளவுகள் தரும் கால அளவு வருமாறு:

- 64 மாதிரிகள்: 1.33 மில்லிவினாடி
- 256 மாதிரிகள்: 5.33 மில்லிவினாடி
- 512 மாதிரிகள்: 10.67 மில்லிவினாடி
- 1024 மாதிரிகள்: 21.33 மில்லிவினாடி

பஃபர் 256 மாதிரிகளாக இருந்தால், 8 மணி நேரக் கூத்தில் செயலி 54 லட்சம் முறை குறித்த நேரத்திற்குள் வந்து குடத்தை மாற்றியாக வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு முறை தவறினாலும் பதிவில் ஐந்து இடங்களில் ஒலி அறுந்திருக்கும். செயலியின் சராசரி வேகம் எவ்வளவு என்பதைவிட, மிக மோசமான கணத்தில் அது எவ்வளவு தாமதிக்கிறது என்பதே இங்கு முக்கியம். விளம்பரங்களில் தரப்படும் வேக மதிப்பெண்கள் சராசரியைக் காட்டுபவை. இந்தத் தாமதத்தை அவை காட்டுவதில்லை.

பெரிய பஃபர் வைப்பதில் ஒரு குறை உண்டு. பாடுபவர் தன் குரலைக் கணினி வழியாகக் காதணியில் கேட்டுக்கொண்டே பாடினால், அந்தத் தாமதம் அவரைக் குழப்பும். ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. 10 மில்லிவினாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தொலைவில் நிற்பவர் குரலைக் கேட்பது போன்றது. உள்ளே வரும் பஃபர், வெளியே செல்லும் பஃபர் என இரண்டு இருப்பதால் மொத்தத் தாமதம் ஏறக்குறைய இருமடங்காகும்.

திண்ணைப் பாட்டிலும் கூத்திலும் பாடுபவர் காதணி அணிவதில்லை. பதிவு செய்பவர் மட்டுமே கேட்கிறார். அவரும் ஒலி இடைமுகத்திலிருந்தே நேரடியாகக் கேட்கலாம். பெரும்பாலான இடைமுகங்களில் இவ்வசதி உண்டு. ஆகவே களப்பதிவில் பஃபரை 1024 என வைப்பதில் இழப்பு ஏதுமில்லை. அவ்வாறு வைத்தால் எளிய செயலியே போதுமானதாகிவிடும். இணையத்தில் காணப்படும் பல பரிந்துரைகள் சிறிய பஃபரில் மென்பொருள் இசைக்கருவிகளை வாசிப்போரை மனத்தில் கொண்டவை. அவற்றைக் களப்பதிவுக்கு அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

கோர்களின் எண்ணிக்கையும் தனிக்கோரின் வேகமும்

ஒரு செயலிக்குள் கோர் எனப்படும் பல கணக்கிடும் பகுதிகள் உள்ளன. கலவைப் பணியில் வெவ்வேறு தடங்களை வெவ்வேறு கோர்கள் பகிர்ந்துகொள்ள முடியும். ஆனால் ஒரே தடத்தின் மீது இரைச்சல் நீக்கம், சமன்செய்தல், எதிரொலி சேர்த்தல் என வரிசையாக இடப்படும் பிளக்-இன்களைப் பொதுவாக ஒரே கோர்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். முதலாவதன் விடை வந்தால்தான் இரண்டாவது தொடங்கும். எனவே தனிக்கோரின் வேகம் குறைந்த செயலியில் பத்துக் கோர்கள் இருந்தாலும் அந்த ஒரு தடம் திணறும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 12ஆம் தலைமுறை முதல் இன்டெல் செயலிகள் பலவற்றில் திறன்மிகு கோர், சிக்கனக் கோர் என இரு வகைகள் கலந்து வருகின்றன. எடுத்துக்காட்டாக, கோர் ஐ5-1235யு செயலியில் 10 கோர்கள் உண்டு. அவற்றுள் 2 மட்டுமே திறன்மிகு கோர்கள், 8 சிக்கனக் கோர்கள். கடையில் பத்துக் கோர் என்று சொல்லப்படும்போது அந்தப் பத்தில் எத்தனை திறன்மிகு கோர்கள் என்று கேட்டறிவது நல்லது.

வெப்பமும் விசிறியும்

மடிக்கணினிச் செயலிகளை அவை தொடர்ந்து பயன்படுத்தும் மின்திறனைக் கொண்டு வகைப்படுத்துகின்றனர். இன்டெல் யு வகையில் அடிப்படை மின்திறன் பொதுவாக 15 வாட். எச் வகையில் 45 வாட். இன்டெல் என்100 போன்ற சிறிய செயலியில் 6 வாட். சுமை கூடும்போது செயலி சிறிது நேரம் இதைவிடப் பல மடங்கு மின்திறனை எடுத்துக்கொண்டு வேகமாக இயங்கும். பின்னர் சூடு ஏறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் தரப்படுவது அந்தச் சிறிது நேர வேகம். கோடையில் சமவெளியில் திறந்தவெளியில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அது உதவாது. அங்குத் தேவைப்படுவது மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும் வேகம்.

வெப்பத்தால் வரும் மற்றொரு தொல்லை விசிறியின் சத்தம். மலையூரில் வாகன இரைச்சல் குறைந்த இரவில், பாடுபவரிடமிருந்து ஓரிரு மீட்டர் தொலைவில் மடிக்கணினி இருக்கும்போது அதன் விசிறி இரைச்சல் ஒலிவாங்கியில் தெளிவாக விழும். மூச்சை இழுத்துப் பாடும் மெல்லிய தாலாட்டில் இந்த இரைச்சலைப் பின்னர் நீக்கினால் குரலின் இயல்பும் சேர்ந்து கெடும். ஆகவே தனிநபர் பாட்டுப் பதிவுக்கு 45 வாட் செயலியைவிட 6 முதல் 15 வாட் வரையிலான செயலியே மேல். விசிறியே இல்லாத மடிக்கணினிகளும் உள்ளன. 2020 நவம்பரில் வெளியான எம்1 செயலி கொண்ட ஆப்பிள் மேக்புக் ஏர் இதற்கு எடுத்துக்காட்டு.

மின்கலம்

மலைப்பகுதியில் மின்தடை ஏற்படலாம். கூத்து நடக்கும் இடத்தில் மின்னாக்கி ஓடலாம். அந்த இணைப்பில் மடிக்கணினியைச் செருகினால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பதிவில் கலக்கும் வாய்ப்பும் உண்டு. மின்கலத்தில் இயங்கும்போது இந்தத் தொல்லை இல்லை.

மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 45 வாட்-மணி மின்கலம் கொண்ட கணினி சராசரியாக 8 வாட் எடுத்தால் ஐந்தரை மணி நேரத்திற்கு மேல் இயங்கும். 15 வாட் எடுத்தால் 3 மணி நேரத்தில் நின்றுவிடும். இரவு முழுவதும் நடக்கும் கூத்துக்கு இரண்டுமே போதாது. எனவே யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றம் பெறும் கணினியையும், அதற்கேற்ற பவர் பேங்கையும் தேர்வு செய்வது நல்லது. 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்கின் கொள்ளளவு 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக மீதியே கணினிக்குக் கிடைக்கும்.

மின்கலத்தில் இயங்கும்போது பல கணினிகள் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே எந்தச் சோதனையையும் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டே செய்து பார்க்க வேண்டும்.

பெயர்களைப் படிக்கும் முறை

செயலிகளின் பெயர்கள் வாங்குவோரை எளிதில் குழப்பக்கூடியவை. ஐ3-ஐ விட ஐ5 மேல், ஐ5-ஐ விட ஐ7 மேல் என்பது ஒரே தலைமுறையிலும் ஒரே வகையிலும் மட்டும் ஓரளவு பொருந்தும்.

- கோர் ஐ3-1215யு, கோர் ஐ3-என்305 ஆகிய இரண்டும் ஐ3 என்றே வழங்குகின்றன. முன்னதில் 2 திறன்மிகு கோர்களும் 4 சிக்கனக் கோர்களும் உள்ளன. பின்னதில் இருக்கும் 8 கோர்களும் சிக்கனக் கோர்களே.
- ஏஎம்டி ரைசன் 7000 வரிசை மடிக்கணினிச் செயலிகளில் மூன்றாம் இலக்கமே உள்ளமைப்பின் தலைமுறையைக் காட்டும். ரைசன் 5 7520யு பழைய சென் 2 அமைப்பில் 4 கோர்கள் கொண்டது. ரைசன் 5 7530யு சென் 3 அமைப்பில் 6 கோர்கள் கொண்டது. ஓர் இலக்கம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது.
- 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலி கொண்ட விண்டோஸ் கணினிகள் குறைந்த மின்சாரத்தில் நன்கு இயங்குபவை. ஆனால் அவற்றின் உள்ளமைப்பு இன்டெல், ஏஎம்டி செயலிகளிலிருந்து வேறுபட்டது. கையிலுள்ள ஒலி இடைமுகத்துக்கு அந்த அமைப்பிற்கான இயக்கி மென்பொருள் உள்ளதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது.

தேவைக்கேற்ற தேர்வு

ஓரிருவர் பேச்சும் பாட்டும்: இரண்டு தடங்கள் போதும். என்100, ஐ3-1215யு, ரைசன் 3 வகைச் செயலிகளில் எதுவும் பொருந்தும். 8 கிகாபைட் நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் இருக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஒலிவாங்கிக்கும் காற்றுத்தடுப்புக்கும் செலவிடுவது பதிவின் தரத்தை நேரடியாக உயர்த்தும்.

தெருக்கூத்துப் பதிவு: ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம், பாடகர்கள் எனத் தனித்தனித் தடங்கள் எடுத்தால் 6 முதல் 8 தடங்கள் தேவைப்படும். ஐ5-1235யு, ரைசன் 5 5500யு, ரைசன் 5 7530யு, ஆப்பிள் எம்1 ஆகியவை தாராளமாகப் போதும்.

கலவையும் இசையமைப்பும்: பல பிளக்-இன்களையும் மென்பொருள் இசைக்கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்குவோருக்கு எச் வகைச் செயலியும் 16 கிகாபைட் நினைவகமும் பயன்படும். 4 திறன்மிகு கோர்கள் கொண்ட ஐ5-12450எச் இதற்குத் தொடக்க நிலை. இப்பணி வீட்டில் மின்னிணைப்புடன் நடப்பதால் விசிறியும் மின்கலமும் பெரிய சிக்கலாகா. களத்துக்கு ஒரு சிறிய கணினி, வீட்டில் வேகமான ஒரு கணினி எனப் பிரித்துக்கொள்வதும் வழக்கம்.

பழைய மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதுபோன்ற பழைய கணினியாலும் இரண்டு தடப் பதிவைச் செய்ய முடியும். வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றி, நினைவகத்தைக் கூட்டி, இலகுவான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவிப் பஃபரை 1024 என வைத்தால் அதன் செயலி ஈடுகொடுக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லாததால் வட்டின் இரைச்சலும் நீங்கும். மின்கலம் பழுதாகியிருந்தால் மாற்ற வேண்டும். புதிய கணினி வாங்க இயலாத கல்லூரி மாணவர் தம் ஊர்ப் பாட்டுகளைத் தொகுக்க இதுவே போதும்.

செயலி சரியாக இருந்தும் பதிவு கெடும் இடங்கள்

ஒலி அறுபடுவதற்குச் செயலியின் வேகக்குறைவு அல்லாமல், பின்னணியில் குறுக்கிடும் இயக்கி மென்பொருள்களும் காரணமாகலாம். வைஃபை இயக்கி இதில் அடிக்கடி குறிப்பிடப்படுவது. பதிவுக்கு முன் வைஃபை, புளூடூத் ஆகியவற்றை அணைத்து, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, கணினி தானே உறங்கிவிடாதபடி அமைக்க வேண்டும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்னும் மென்பொருள் எந்த இயக்கி குறுக்கிடுகிறது என்பதைக் காட்டும்.

நீண்ட பதிவில் கோப்பின் அளவும் ஒரு கண்ணி. வழக்கமான வேவ் கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 2 தடங்களில் இந்த எல்லை ஏறக்குறைய 4 மணி 8 நிமிடத்தில் வரும். இரவு 10 மணிக்குத் தொடங்கிய பதிவு, கூத்து உச்சத்தில் இருக்கும் 2 மணி வாக்கில் எல்லையைத் தொடும். 8 தடங்களை ஒரே கோப்பில் எழுதினால் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும். எந்தச் செயலியாலும் இதைத் தடுக்க முடியாது. பதிவு மென்பொருளில் ஆர்எஃப்64 வடிவத்தைத் தெரிவு செய்தல், அல்லது மணிக்கொரு முறை கோப்பைத் தானாகப் பிரிக்கச் செய்தல் இதற்குத் தீர்வாகும்.

வாங்கும் முன்னும் புறப்படும் முன்னும் சோதனை

கடையில் கணினியை மின்கலத்தில் இயக்கி, பத்து நிமிடம் ஒரு காணொளியை வடிவமாற்றம் செய்ய வைத்து, விசிறியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம். பதிவின்போது இத்தனைச் சுமை இராது என்றாலும், சூடேறும் இயல்பு தெரிந்துவிடும்.

வாங்கிய பின் எளிய சோதனை சுருதிப்பெட்டியைக் கொண்டு செய்வது. அதை ஒலிக்கவிட்டு, களத்தில் பயன்படுத்தும் அதே இடைமுகம், அதே தடங்கள், அதே பஃபருடன் மின்கலத்தில் ஒரு மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். சீரான சுருதியில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் காதில் உடனே படும். பேச்சில் அது மறைந்துவிடும். வெட்டு விழுந்தால் பஃபரைக் கூட்டி மீண்டும் சோதிக்கலாம். 1024இலும் வெட்டு நின்றபாடில்லை என்றால் குறுக்கிடும் இயக்கியைத் தேட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில் குறைந்த மின்கல அளவைக் கொண்டு முழு இரவுக்கு எவ்வளவு தேவை என்பதையும் கணிக்கலாம்.

சோதனையில் தேறிய கணினியும் எதிர்பாராமல் நின்றுபோகக்கூடும். ஆகவே முக்கியமான பதிவில் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையோ ஒரு கைப்பேசியையோ உடன் ஓடவிடுவது நல்லது. பாடியவரின் இசைவைப் பெற்று, அவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே குரலில் சொல்லி வைப்பதும், மலையிலிருந்து இறங்கும் முன்பே கோப்புகளை இரண்டாவது வட்டில் படியெடுப்பதும் களப்பதிவின் இன்றியமையாத நடைமுறைகள்.